அம்மா மஸ்கட்டில் இருக்கிறாள்

அக்கா,

இன்று காலை உன் அஸ்லம் நடந்துவிட்டான். பீரோவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றவன், யாரும் கூப்பிடாமலே கையை விட்டு மூன்று எட்டு வைத்தான். நான்காவதில் பொத்தென்று உட்கார்ந்தான். அம்மா கையிலிருந்த முறத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, கண்ணேறு பட்டுவிடக் கூடாதென்று அவன் கன்னத்தை வழித்து நெற்றியில் முறித்தாள். "வெறுங்காலோட வாசல்ல எறக்கிறாதடி, சுட்டுப்புடும்" என்றாள். மஸ்கட்டிலிருந்து வந்த பெரிய பெட்டியைத் திறந்தேன். நிலோபருக்குச் சின்னதாகிப்போன ரோஸ் கலர் செருப்பு அதில் இருந்தது. எடுத்து அவனுக்கு மாட்டிவிட்டேன். ஒரு காலை ஊன்றினான். கீச்.



அந்தச் செருப்பை நான் எந்தக் காலிலும் பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். நீ போனில் பேசி அனுப்பும் வாய்ஸ் பலவற்றிலும் உன் குரலுக்குப் பின்னால் அது ஹாலிலிருந்து அடுப்படிக்கும், அடுப்படியிலிருந்து ஹாலுக்கும் கீச் கீச்சென்று போய்க்கொண்டிருக்கும். நீ பேச்சை நிறுத்திவிட்டு, "ஏ நிலோ, கீழ் வீட்டுக்காரன் சண்டைக்கு வரப்போறான்டி, செருப்பக் கழட்டு" என்பாய். கீச் நிற்காது. நீயும் விடமாட்டாய். நீங்கள் இருவரும் அடித்துக்கொள்வதைக் கேட்டு, இங்கே வீரசோழனில் பாத்திரம் துலக்கிக்கொண்டே நான் சிரித்துக்கொண்டிருப்பேன்.

உன் மஸ்கட் வீட்டுக்கு நான் வந்ததில்லை. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் என்னால் நடக்க முடியும். மூன்றாவது மாடி. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. கதவைத் திறந்ததும் வலதுபுறம் அடுப்படி. ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் ஏசிப் பெட்டிகள், அவற்றுக்கு மேலே ஒரு புல்கூட இல்லாத கறுத்த மலை. "நம்ம கருவேலங்காட்டப் பாத்து வளந்தவளுக்கே இந்த மலையப் பாத்தா தாகம் எடுக்குதுடி" என்று போன புதிதில் சொன்னாய். மச்சானுக்குக் குடும்ப விசா கிடைத்து, ஒன்றரை வயது நிலோபரை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ போன வருடம் அது.

நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் அதே வருடம்தான். அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். வீட்டில் சமைக்க ஆளில்லை. ஒன்பதாம் வகுப்புப் பாதியில் திருச்சுழிக்குப் போகும் காலை பஸ்ஸை விட்டேன். அம்மா எழுந்து நடமாடத் தொடங்கியபிறகும் நான் திரும்ப ஏறவில்லை. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும். விட்டுவிட ஒரு காரணம் கிடைத்ததும் பிடித்துக்கொண்டேன். அத்தாகூடக் கேலி செய்வார்: "ரெண்டு பிள்ளைக்கும் சேத்து அல்லா ஒரு வாயத்தான் குடுத்தான். அத மூத்தவ எடுத்துக்கிட்டா."

அந்த ஆபரேஷனை உனக்கு நாங்கள் சொல்லவில்லை. நீ போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, கைக்குழந்தையோடு அங்கே தவிப்பாய் என்று அம்மா வாயைக் கட்டிவிட்டாள். "அம்மா எங்கடி, போனுக்கே வர மாட்டேங்குது?" என்று நீ கேட்டபோதெல்லாம், ‘கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறாள்’ என்று டைப் அடித்து அனுப்பினேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நல்ல சேதி மட்டும்தான் போக வேண்டும். நம் தெருவில் எழுதாத சட்டம் இது. அத்தா சவுதியில் இருந்தபோது அவருடைய அம்மா இறந்துபோனதை நான்கு மாதம் மறைத்தார்கள். அவர் விடுமுறைக்கு வந்து, பெட்டியைப் பிரித்து, கம்பளிப் போர்வையைக் கையில் எடுத்துக்கொண்டு, "அம்மாவ எங்க காணோம்?" என்று கேட்டாராம். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்களாம். அந்தப் போர்வைக்குள்தானே நீயும் நானும் மார்கழிப் பனிக்கு ஒண்டிக்கொண்டு படுப்போம்.

நீ அங்கே பிள்ளை வளர்த்த கதையை நான் காதால்தான் பார்த்தேன். முதல் வெயில் காலத்தில் ஒரு வாய்ஸ் அனுப்பினாய். "இங்க எப்பக் கொழாயத் தெறந்தாலும் தண்ணி வருதுடி. நம்ம ஊரு மாதிரி கொடத்த வரிசையில போட்டுட்டுக் காத்துக் கெடக்க வேண்டாம். ஆனா கொதிக்குது. பிள்ளையக் குளிப்பாட்டப் பயமா இருக்கு." இரண்டு நாள் கழித்து இன்னொன்று வந்தது. பக்கத்து வீட்டு மலையாளத்துச் சேச்சி வழி சொல்லிக்கொடுத்தாராம். மொட்டைமாடித் தொட்டி வெயிலில் காய்வதால் சாதாரணக் குழாயில் வெந்நீர் வருகிறது. ஹீட்டரை அணைத்துப் போட்டால் அதற்குள் நிற்கும் தண்ணீர் வீட்டு நிழலில் ஆறிவிடும். "சுடுதண்ணிக் கொழாயத் தெறந்தா பச்சத்தண்ணி, பச்சத்தண்ணிக் கொழாயத் தெறந்தா சுடுதண்ணி. இந்த ஊருல எல்லாமே மாத்தித்தான்டி வருது." நீ சிரித்த சிரிப்பில் போன் இரைந்தது.

அஸ்லம் பிறந்தபோது அம்மாவால் வர முடியவில்லை. ஊரில் என்றால் நாற்பது நாளும் குளிப்பாட்டிவிட ஆள் வரும். நீ குளியலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பச்சைப் பிள்ளையைக் காலில் கிடத்தி, போனை வாளியில் சாய்த்து வைத்துக்கொண்டாய். இங்கிருந்து அம்மா கத்தினாள்: "காத மூடுடி, காத மூடு! மூக்குல ஊத்திறாத!" போன் வாளிக்குள் விழுந்தது. படம் போய்விட்டது. அம்மா திரையைத் தட்டித் தட்டி, "பிள்ள என்னாச்சு, பிள்ள என்னாச்சு" என்று அரைமணி நேரம் துடித்தாள். பிறகு மச்சான் போனிலிருந்து கூப்பிட்டாய். "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல. போனுதான் குளிச்சிருச்சு."

உன் வாய் இப்படியெல்லாம் பேசினாலும், வாசலைத் தாண்டினால் நீ மாறிப்போயிருந்தாய் என்பதை என்னிடம் மட்டும் சொன்னாய். "கடையில போயி நின்னா பேச்சு வர மாட்டேங்குதுடி. வெரல நீட்டிக் காட்டி வாங்கிட்டு வாரேன். நிலோ ஸ்கூல்ல, வீட்லயும் பிள்ளைட்ட இங்கிலீஷுல பேசுங்கன்னு சொல்றாக. எனக்கே வராத பாசையில எம் பிள்ளைய எப்படிடி கொஞ்சுறது? சரிசரின்னு தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். இப்பத்தான் உன்ன எனக்குப் புரியுது. நீ திமிருல பேசாம இருக்கன்னு எத்தன தடவ உன் மண்டையில கொட்டியிருப்பேன்!"

அதை எத்தனை முறை போட்டுக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் பதிலை டைப்தான் அடித்தேன். "ஒரு தடவயாவது வாயத் தெறந்து பேசி அனுப்புடி, உங் கொரலே மறந்துரும் போல" என்பாய். பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றால் மூச்சுதான் வரும். விட்டுவிடுவேன்.

பேசாதவளிடம்தான் எல்லோரும் எதையாவது கொடுத்து வைக்கிறார்கள். அம்மா தன் ஆபரேஷனை உனக்குத் தெரியாமல் என்னிடம் வைத்தாள். நீ உன்னுடையதை அம்மாவுக்குத் தெரியாமல் என்னிடம் வைத்தாய்.

அஸ்லமுக்கு நான்கு மாதம் இருக்கும். அன்றைக்கு உன் குரலுக்குள் ஏதோ இழுத்தது. "ஒண்ணு சொல்றேன், அம்மாட்டச் சொல்லிறாத. மாடி ஏறுனா ரொம்ப மூச்சு வாங்குதுடி. பிள்ளையத் தூக்கிட்டு ஏறுறதாலன்னு நெனச்சேன். இப்பப் படுத்தாலும் முட்டுது. ரெண்டு தலகாணிய வச்சு உக்காந்துக்கிட்டேதான் தூங்குறேன். காலு வேற வீங்கிக் கெடக்கு. பிள்ள பெத்த ஒடம்பு, அப்படித்தான் இருக்கும் போல. மச்சான்ட்டயும் சொல்லல. இப்பத்தான் புது எடத்துல சேந்துருக்காக, லீவு கேட்டு நிப்பாக. அம்மாட்டச் சொன்னா, அங்க சாப்புடாமக் கெடக்கும்."

‘டாக்டரிடம் போ அக்கா’ என்று அடித்தேன். "வெள்ளிக்கெழம அவுகளுக்கு லீவு. பிள்ளைகள அவுகட்ட விட்டுட்டுப் போறேன்" என்றாய். நான் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். அவள் முந்தானை எனக்குத் தெரிந்தது. நான் போகவில்லை.

மூன்று வெள்ளிக்கிழமைகள் போயின. ஒன்றில் அஸ்லமுக்குத் தடுப்பூசிக் காய்ச்சல். அடுத்ததில் மச்சானை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மூன்றாவதில், "இன்னிக்குக் கொஞ்சம் தேவலடி" என்றாய். நான் ஒரு பூப்படம் அனுப்பினேன். பூ அனுப்பினேன், அக்கா.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை, நிலோபரைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு மாடி ஏறியவள் இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டாய். சேச்சிதான் பார்த்திருக்கிறார். அஸ்லமை வாங்கிக்கொண்டு ஆள் கூப்பிட்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்னே முடிந்துவிட்டதாம். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு இருதயம் இப்படிப் பலவீனப்படும் என்று அங்கே மச்சானிடம் சொன்னார்களாம். இங்கே, அத்தா போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றவர், நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்தார். அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. மையித்தை ஊருக்குக் கொண்டுவர நாளாகும், அவ்வளவு நாள் வைத்திருக்க வேண்டாம் என்று அங்கேயே அடக்கிவிட்டார்கள். உன் முகத்தை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த நிலோபரைச் சேச்சி தன் வீட்டுக்குள் கூட்டிப்போய்விட்டார். அந்த ஒரு வாரமும் அவள் அங்கேதான் இருந்தாள். அங்கிருந்தே நேராக விமானம். மச்சான் ஒரு தோளில் அஸ்லமையும் ஒரு கையில் நிலோபரையும் பிடித்துக்கொண்டு நம் வாசலில் வந்து இறங்கினார். வீடு நிறையப் பெண்கள். ஓவென்று அழுதவர்கள் பிள்ளையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நிலோபர் எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு, "எங்க அம்மா?" என்றாள். கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்: "அம்மா மஸ்கட்டுல இருக்காக கண்ணு. வேல முடிஞ்சதும் வருவாக."

யாரும் மறுத்துப் பேசவில்லை. நிலோபரும் நம்பிவிட்டாள். நம் தெருவில் அதை நம்புவது எவ்வளவு சுலபம்! எதிர்வீட்டுப் பிள்ளையின் அத்தா குவைத்தில். பக்கத்து வீட்டில் துபாய். இல்லாதவர்கள் எல்லாம் இங்கே எங்கோ இருக்கிறவர்கள்தான், என்றைக்காவது பெட்டியோடு வருகிறவர்கள்தான். அது முழுப்பொய்யும் இல்லை. நீ அங்கேதானே இருக்கிறாய். மச்சானும் விடுமுறை முடிந்து போய்விட்டார். "அம்மாட்ட என்ன சொல்லணும்?" என்று அவர் கேட்கவில்லை. நிலோபரே சொல்லி அனுப்பினாள்: "எம் பொம்மைய எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

அதன்பிறகு மதுரையிலிருந்து மேலே அட்டைப்பெட்டிகளைக் கட்டிக்கொண்டு ஒரு கார் தெருவுக்குள் திரும்பினால் போதும், அவள் போட்டது போட்டபடி ஓடுவாள். எல்லோரும் இறங்கி, சாமான் இறக்கி, கட்டிப்பிடித்து முடித்தபிறகும் அவள் காருக்குள் தலையை விட்டுப் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். டிரைவர்களுக்கே பழகிவிட்டது. "ஏ பாப்பா, வண்டி காலிடா. அடுத்த வண்டியில வருவாக, போ" என்பார்கள். நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வருவேன்.

ஒருநாள் காய்ச்சலில் கிடந்தவள், அம்மா பேசினால்தான் கஞ்சி குடிப்பேன் என்று வாயை இறுக்கிக்கொண்டாள். நம் அம்மாதான் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். "உங்கிட்டத்தான் அவ பேசுனது அம்புட்டும் கெடக்கே, ஒண்ணப் போட்டு விடுடி. இன்னைக்கு அனுப்புனதுன்னு சொல்லு." போட்டேன். அந்த ஹீட்டர்த் தண்ணீர்க் கதை. நிலோபர் போனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள். கஞ்சியைக் குடித்தாள்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒன்று. காலையிலேயே தேடி எடுத்துவைப்பேன். வெறும் உன் குரல் மட்டும் இருப்பதாக, நாள் கிழமை எதுவும் இல்லாததாக. கேட்டுவிட்டு அவளும் பதில் பேசுவாள். "அம்மா, இன்னிக்கு முட்ட சாப்புட்டேன். அஸ்லம் எம் முடியப் புடிச்சு இழுத்தான்." எனக்கு வராத அந்தப் பொத்தானை அவள் எவ்வளவு லேசாக அழுத்தினாள்! அனுப்பியதும் ஒரு டிக் விழும். இரண்டாவது டிக் விழாது. அவளுக்கு அது தெரியாது. ஒற்றை டிக்காகவே அவள் பேச்சு அத்தனையும் உன் பெயருக்குக் கீழே வரிசையாக நின்றது.

இதற்கிடையில் அஸ்லம் என்னைப் பார்த்து "ம்மா" என்றான். நான் பதறிப்போய், "சின்னம்மா, சின்னம்மா" என்று சொல்லிக்கொடுத்தேன். நிலோபர் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "அம்மா மஸ்கட்டுலடா இருக்காங்க. இவங்க அம்மா இல்ல." அவன் அழவில்லை. சிரித்துக்கொண்டே திரும்பவும் "ம்மா" என்றான்.

போன மாதம் ஒருநாள். அவசரத்தில் முழுதாகக் கேட்டுப் பார்க்காத ஒன்றைப் போட்டுவிட்டேன். முருங்கைக்கீரை அங்கே என்ன விலை விற்கிறது என்று நீ ஆரம்பித்தாய். பாதியில் ஒரு பிள்ளை அழுகிற சத்தம். நீ சொன்னாய்: "இருடி தங்கம், இந்தா வந்துட்டேன். எங் கண்ணு நிலோல்ல, அழக் கூடாது. வா, அம்மா மடியில உக்காந்துக்க." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே பிள்ளை ஏதோ சொல்ல, நீ முத்தம் கொடுக்கிற சத்தம்.

நிலோபர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "திரும்பப் போடுங்க" என்றாள். போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. இரண்டாவது முறையும் கேட்டாள்.

"சின்னம்மா, அம்மாகூட ஒரு நிலோ இருக்கா."

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"அவள மடியில வச்சுருக்காங்க. அதான் என்னக் கூப்புட வரல. அதான் நான் பேசுனா எனக்குப் பதில் பேச மாட்றாங்க. ஒங்ககிட்ட மட்டும் பேசுறாங்க."

அவள் அழுதிருந்தால்கூட என்னால் தாங்கியிருக்க முடியும். அவள் ஏதோ கணக்குக்கு விடை கிடைத்ததுபோலத் தலையை ஆட்டிக்கொண்டாள். தட்டைத் தள்ளி வைத்தாள். நீ உயிரோடு இருக்கிறாய், இவளை வேண்டாமென்று விட்டுவிட்டாய் என்று உன் மகள் நினைக்கிறாள். அந்த நினைப்பைக் கொடுத்தது நான். உன் குரலைக்கொண்டே கொடுத்தேன்.

"நிலோ, அது நீதான்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நீ அங்க இருந்தப்போ அம்மா பேசுனது. பழசு."

"அப்பப் புதுசு?"

"புதுசு இல்ல. எல்லாமே பழசுதான்."

அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தாள். "ஏய், என்னடி பேசுற? ஊமையா இருக்கிறவ இன்னிக்கு என்னத்துக்கு வாயத் தெறக்குற? சும்மா கெட!"

கட்டிலில் படுத்திருந்த அத்தா எழுந்து உட்கார்ந்தார். "விடு. அவ சொல்லட்டும்."

"இம்புட்டுப் பிள்ளைட்டப் போயா? இதுக்கு என்ன தாங்குற வயசா?"

"எனக்கு முப்பத்தஞ்சு வயசுல மறைச்சாக. அப்பவும் இதத்தான் சொன்னாக, தாங்க மாட்டான்னு."

அம்மா நிலைக்கதவில் சாய்ந்து நின்றுவிட்டாள். நான் நிலோபரின் எச்சில் கையைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா மௌத்தாயிட்டாங்க, நிலோ. ஒடம்பு சரியில்லாமப் போயி, மௌத்தாயிட்டாங்க. அங்க வேற நிலோ இல்ல. அம்மாவுக்கு நீ மட்டுந்தான் நிலோ. அவங்களால வர முடியாது. வர முடிஞ்சா மொத வண்டியில வந்துருப்பாங்க."

"அந்தப் பூனக்குட்டி மாதிரியா?" என்றாள். சந்தில் செத்துக் கிடந்த குட்டியை அத்தா புதைத்ததை அவள் பக்கத்தில் நின்று பார்த்திருந்தாள்.

"ஆமா."

"குழி தோண்டியா?"

"ஆமா."

கையை உருவிக்கொண்டு, ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கைகளை ஒவ்வொன்றாக உதிர்த்தாள். பிறகு கேட்டாள்: "அங்க மண்ணு சுடுமே, சின்னம்மா. செருப்பு இல்லாமக் கீழ எறங்கக் கூடாதுன்னு அம்மா சொல்லுவாங்க."

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அத்தா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பதில் சொல்ல நான் மட்டும்தான் இருந்தேன்.

"மேலதான் சுடும். எதிர்வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுறப்போ நான் எறங்கிப் பாத்துருக்கேன். நல்ல வெயிலு. உள்ள மண்ணு சில்லுன்னு இருந்துச்சு."

"நெசமா?"

"நெசமா."

அன்றைக்கு அவள் அழவில்லை. மூன்றாம் நாள் ஒரு சிலேட்டுக்குச்சி உடைந்துபோனது. அதற்கு அழ ஆரம்பித்தவள் சாயங்காலம் அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை அழுதாள், தொண்டை கட்டுகிறவரை. நான்கு நாள் என் கையால் சாப்பிடவில்லை. "நீங்கதான சொன்னீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேற்றைக்கு முந்தின நாள் தெருவுக்குள் ஒரு கார் வந்தது, மேலே மூன்று பெட்டிகளோடு. வாசலில் சிப்பி வைத்து விளையாடிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. திரும்பவும் குனிந்து சிப்பியை அடுக்கினாள். ஓடாமல் இருந்தால் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், அக்கா. அப்படி இல்லை.

இப்போது தினம் ஏதாவது ஒரு கேள்வி கேட்கிறாள். உனக்குப் பிடித்த நிறம் எது, நீ சின்னப் பிள்ளையில் அடி வாங்கியிருக்கிறாயா என்று. தெரிந்ததைச் சொல்கிறேன். "அம்மா என்னக் கடைசியா எப்பத் தூக்குனாங்க?" என்று ஒருநாள் கேட்டாள். அது உன்னிடம் இருக்கிற பதில். "எனக்குத் தெரியல நிலோ" என்றேன். அவள் என் மடியில் படுத்துக்கொண்டாள்.

பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். சொல்லாதது இன்னும் ஒன்று இருக்கிறது.

துக்கம் கேட்டு இப்போதும் யாராவது வருகிறார்கள். நேற்று குமாரலிங்கபுரத்திலிருந்து அம்மாவுக்குத் தெரிந்த ஒருவர் வந்திருந்தார். எல்லாரிடமும் சொல்வதையே அம்மா அவரிடமும் சொன்னாள். "நாளெல்லாம் வாயடிப்பா. முருங்கக்கீர வெலையிலேர்ந்து சொல்லுவா. மூச்சு முட்டுதுன்னு ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டாளே. பெத்தவட்டத்தான் சொல்லல, வேற யார்ட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா? அம்புட்டு அழுத்தக்காரியா எம் மக?" வந்தவர், "அல்லா எழுதுனது அம்புட்டுத்தான்" என்றார். நான் தேநீர் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். எட்டு மாதமாக இப்படித்தான் போய்விடுகிறேன்.

நீ சொன்னாய், அக்கா. சொல்லாதவள் நான்.

டாக்டரிடம் முன்னாலேயே போயிருந்தால் நீ பிழைத்திருப்பாயா என்பது எனக்குத் தெரியாது. அதை இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த மூன்று வெள்ளிக்கிழமைகளும் என்னிடமே இருக்கின்றன. அஸ்லமைக் குளிப்பாட்டும்போது இருக்கின்றன, நிலோபருக்குத் தலை பின்னும்போது இருக்கின்றன. அவற்றை யாரிடமும் இறக்கி வைக்க முடியாது. இறக்கி வைக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. நீ அழுத்தக்காரி என்று அம்மா நினைத்துக்கொண்டிருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உன் மகள் உன்னைத் தவறாக நினைத்தது ஒரு மத்தியானம்தான். நம் அம்மா எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த வாய்ஸ் இன்னும் போனில் இருக்கிறது. அதை அம்மாவுக்குப் போட்டுக் காட்டிவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம். இன்னொரு முறை உன் குரலுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ளக் கூடாது.

பிள்ளைகள் இரண்டும் தூங்குகின்றன. அத்தா மத்தியான லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறார். அம்மா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். இங்கிருந்து அவள் முதுகு தெரிகிறது. எட்டிப் போனால் பத்து அடி இருக்கும். அவள் அடிக்கலாம். என்னோடு பேசாமல் இருந்துவிடலாம். இருக்கட்டும். நீ மூச்சு முட்டியபோது நம் வீட்டில் என்னிடம்தான் சொன்னாய் என்பதை, என் வாயால், அவள் கேட்க வேண்டும்.

எழுந்துவிட்டேன், அக்கா.